முதலில் சந்திப்பு, பிறகு செயலி

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு வயது 28. சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு இங்கே வீடு வாங்கி வந்தோம். ஜோகூரில் சில வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் கேஎல், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். எனக்குத் தூண்டில் போடப் பிடிக்கும், கேரம் ஆடப் பிடிக்கும். யாரோடு போவது? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எத்தனையோ முகம் பார்க்கிறேன், யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. அதனால் ஒரு செயலி செய்ய நினைக்கிறேன். திறந்தால், 5 கிலோமீட்டருக்குள் அதே பொழுதுபோக்கு உள்ளவர்கள் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியவேண்டும். தட்டினால் பேசலாம். ஒரு நிறுவனம் 45,000 ரிங்கிட் கேட்கிறது. என்னிடம் 18,000 சேமிப்பு இருக்கிறது. மீதிக்குக் கடன் எடுக்கலாமா? தமிழர்களுக்கு மட்டும் என்று வைக்கலாமா? வெளியே சொன்னால் யோசனையை யாராவது எடுத்துக்கொள்வார்களா? தங்கையிடம் காட்டினேன். “இதில் நான் சேரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அதுதான் மனதை உறுத்துகிறது.

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

கடன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். கையில் இருக்கும் 18,000 ரிங்கிட்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். யோசனை மோசம் என்று இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தனிமை உண்மையானது. அதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். ஆனால் செயலி உருவாக்கும் குழுக்களோடு தினமும் வேலை செய்கிறவள் என்ற முறையில் பார்த்தால், உங்கள் திட்டத்தில் இரண்டு இடம் எனக்கு இடிக்கிறது. ஒன்று அந்தப் புள்ளிகள். இன்னொன்று உங்கள் தங்கை சொன்ன பதில். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா தோட்டத்தில் இருந்தபோது இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது. லயத்துக்கு முன்னால் திடல், பக்கத்தில் கோயில், கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடம். விடியற்காலையில் வேலைக்கு இறங்கியவர்கள் பிற்பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீடு திரும்புவார்கள். பந்து உதைக்க ஆள் தேடவேண்டியதில்லை, சத்தம் கேட்டு ஆள் வரும். தாமானுக்கு வந்தபோது வீடு சொந்தமானது, கேட் வந்தது. திடல் கூட வரவில்லை. ஒரே வேலை நேரமும் கூட வரவில்லை. இன்றைக்கு உங்கள் வரிசையிலேயே ஒருவர் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், ஒருவர் லோரி ஓட்டுகிறார், ஒருவர் சனி ஞாயிறுக்கு மட்டும் கேஎல்லிலிருந்து வருகிறார். ஆக, ஊரில் காணாமல் போனவை பொதுவான இடமும் பொதுவான நேரமும். வரைபடத்தில் புள்ளி வைப்பதால் இந்த இரண்டும் திரும்பி வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவைதான். நீங்கள் வேறு எண் போட்டும் பார்க்கலாம். 5 கிலோமீட்டருக்குள் செயலி பயன்படுத்தும் வயதில் 20,000 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு இரண்டு பேர் பதிவிறக்கினால் 400. அதில் பலர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நாலில் ஒருவர் தொடர்ந்து திறந்து பார்க்கிறார் என்றால் 100. தூண்டில், கேரம், காற்பந்து, பூப்பந்து, சமையல், உறுமி, சைக்கிள் என்று அந்த 100 பேர் 20 பொழுதுபோக்குகளில் பிரிந்தால், ஒரு பொழுதுபோக்குக்கு 5 பேர். அந்த ஐந்தில் நீங்கள் ஒருவர். ஒருவருக்கு நைட் ஷிப்ட், ஒருவர் வெளியூர், ஒருவருக்கு அந்த வாரம் வீட்டில் விசேஷம். மிஞ்சுவது ஒரே ஒருவர். அவரும் உங்களைப் போலவே கூச்சப்பட்டு, மறுபக்கம் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பார். கோலாலம்பூரில் இதே செயலி கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அங்கே 20,000 என்பது ஒரு சில அடுக்குமாடிகளிலேயே கிடைத்துவிடும். சின்ன ஊரில் செயலியைத் திறந்ததும் வெறும் வரைபடம் தெரியும். வெறுமையைப் பார்த்தவர் இரண்டாம் முறை திறக்கமாட்டார்.

வட்டத்தைப் பெரிதாக்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். பொழுதுபோக்கைப் பொறுத்தது. தூண்டில்காரர் செண்டெரோ ஏரிவரைகூட மோட்டாரில் போவார், தூரம் அவருக்குப் பொருட்டில்லை. கேரம் ஆட யாரும் கோலகங்சாரிலிருந்து வரமாட்டார்கள். கேரமுக்கு 2 கிலோமீட்டரே அதிகம். எல்லாவற்றுக்கும் 5 கிலோமீட்டர் என்று வைத்ததே சரிப்படாது.

புள்ளி காட்டும் செயலிகள் ஏற்கெனவே வந்து போயிருக்கின்றன. 2012-ல் அமெரிக்காவில் ஹைலைட் என்று ஒரு செயலி பெரிதாகப் பேசப்பட்டது. அருகில் இருப்பவர்களில் உங்களுக்குப் பொதுவான நண்பர்களோ விருப்பங்களோ உள்ளவர்களை அது கைப்பேசியில் காட்டும். இடத்தைப் பின்னணியில் கவனித்துக்கொண்டே இருந்ததால் பேட்டரியைத் தின்றது. அதைவிடப் பெரிய குறை, அருகில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. 2016-ல் அதை உருவாக்கிய நிறுவனத்தைப் பின்ட்ரெஸ்ட் வாங்கிக்கொண்டது, ஹைலைட் மறைந்துபோனது. ஹைலைட்டுக்குப் பத்து வருடம் முன்னால், 2002-ல், நியூயார்க்கில் தொடங்கிய மீட்அப் இன்றுவரை இருக்கிறது. அது ஆட்களைக் காட்டவில்லை. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில், இன்ன காரியம் நடக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டது. 2005-ல் கட்டணம் கொண்டுவந்தபோதும் வருகிறவர்களிடம் வாங்காமல் கூட்டத்தை நடத்துபவர்களிடம் வாங்கியது. அந்தச் சேவையைத் தூக்கி நிறுத்துவது நடத்துபவர்தான் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அந்த நடத்துபவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் மண்டபத்தில் மாலையில் நடக்கும் கேரம் ஆட்டம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு பையன் வந்தான். உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மோட்டார்மேலேயே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பான். அங்கே நடத்துகிற பெரியவர் ஆட்டத்தின் நடுவில் அதைக் கவனித்தார். விரலில் பவுடரோடு எழுந்து வாசலுக்குப் போய், “தம்பி, ஒரு ஆள் குறையுது, வா” என்று கூப்பிட்டார். ஆள் எதுவும் குறையவில்லை. தன் இடத்தைத்தான் காலி செய்துவிட்டு வந்திருந்தார். பையன் உட்கார்ந்தான். பெரியவர் அவனுக்குப் பின்னால் நின்று, ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்கலாம் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் செய்த வேலையை எந்தச் செயலியாலும் செய்யமுடியாது. அவருடைய மற்ற வேலைகளைக் குறைத்துக் கொடுக்கத்தான் செயலியால் முடியும். உங்கள் செயலியின் உண்மையான வாடிக்கையாளர் அவர்தான்.

இப்போது தங்கை விஷயம். அவர் சேரமாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் காரணம் இல்லை. நானே சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பெண்ணும் இதைத்தான் யோசிப்பாள். நம் ஊரில் ஒரு புள்ளி என்றால் அது ஒரு வீடு. தாமான் வரிசையில் புள்ளி நின்றால் எந்தக் கேட் என்றே தெரிந்துவிடும். தோட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி இருந்தால் அது யார் வீட்டுப் பெண் என்று எல்லாருக்கும் தெரியும். சரி, புள்ளி வேண்டாம், தூரம் மட்டும் காட்டுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் ஆகாது. ஒரு இடத்தில் நின்று பார்க்கும்போது 400 மீட்டர் என்று காட்டுகிறது. கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் 650. இன்னொரு மூலையில் 300. இந்த மூன்று இடத்தையும் மையமாக வைத்து மூன்று வட்டம் வரைந்தால், மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வீடு இருக்கும். துணை தேடும் டிண்டர் செயலியில் இதே ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2013-ல் கண்டுபிடித்து, 2014-ல் வெளியே சொன்னார்கள். அவ்வளவு பெரிய செயலிக்கே நடந்தது. நம் நாட்டில் ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023-லிருந்து தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டம் வருவது நடந்த பிறகு. நடக்காமல் பார்த்துக்கொள்வது செயலியைச் செய்கிறவரின் கடமை.

ஆகவே என் யோசனை: உங்கள் செயலிக்கு ஜிபிஎஸ்ஸே வேண்டாம். பதிவு செய்யும்போது “டவுன், லாசா ரோடு, ஜாலோங்” என்று ஒரு பட்டியல் கொடுத்து, எந்தப் பக்கம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சின்ன ஊரில் அதுவே போதும். பேட்டரி மிச்சம். இடத்தைப் பின்னணியில் கவனிக்கும் செயலிகளுக்குக் கூகுள் பிளே தனியாக விளக்கம் கேட்டு ஒப்புதல் கொடுக்கும். அந்தத் தலைவலியும் இல்லை. பிற்காலத்தில் இடம் தேவைப்பட்டாலும், ஆண்ட்ராய்டில் தோராயமான இடம் என்று ஒரு அனுமதி இருக்கிறது. அது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் என்று மட்டும்தான் சொல்லும். அதற்குமேல் கேட்காதீர்கள்.

தங்கைக்குத் தேவையான இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. பெயரில் முதல் பெயர் மட்டும், படம் கட்டாயமில்லை. தொலைபேசி எண் யாருக்கும் தெரியக்கூடாது. தனியாகச் செய்தி அனுப்பும் வசதி முதல் பதிப்பில் வேண்டவே வேண்டாம். பேசுவதெல்லாம் அந்தச் சந்திப்பின் பொதுப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி இருக்கட்டும். இது உங்கள் முதல் ஆசைக்கு நேர் எதிர் என்று தெரியும். ஆனால் தெரியாத ஆணிடமிருந்து இரவு பதினொரு மணிக்கு “சாப்பிட்டீங்களா” என்று ஒரு செய்தி வந்த அன்றைக்கே அந்தப் பெண் செயலியை அழித்துவிடுவாள். தோழிகளிடமும் சொல்வாள். ஊரில் பாதிப் பேர் போய்விடுவார்கள். பெண்கள் நடத்தும், பெண்கள் மட்டும் வரும் சந்திப்புகளுக்கு முதலிலேயே வழி வையுங்கள். அதில் எது முதலில் வரவேண்டும் என்று தங்கையிடமே கேளுங்கள். இந்தத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகத் திறமையான ஆலோசகர் அவர்தான். சம்பளமில்லாமல் வீட்டிலேயே இருக்கிறார்.

எங்கே தொடங்குவது? தூண்டிலில் தொடங்குங்கள். கேரம் வேண்டாமென்று சொல்லவில்லை, அது இரண்டாவது. தூண்டிலுக்கு மண்டபம் வேண்டாம், வாடகை வேண்டாம். முக்கியமாக, பேசக் கூச்சப்படுகிறவர்களும் மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். செயலி எதுவும் இல்லாமல், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

“இந்த ஞாயிறு காலை 7 முதல் 10 வரை பிளஸ் ஆற்றில் தூண்டில். டவுன் பெட்ரோல் நிலையத்தில் 6.45-க்குச் சேர்ந்து போகிறோம். சிவப்பு மோட்டாரில் நான் நிற்பேன். தூண்டில் இல்லாதவர்களும் வரலாம், என்னிடம் கூடுதலாக இரண்டு இருக்கிறது. மழை என்றால் இல்லை, காலை 6-க்குச் சொல்லிவிடுவேன்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. முடியும் நேரம் சொன்னால் வீட்டில் அனுமதி கேட்பது சுலபம். சேரும் இடம் எல்லாரும் அறிந்த, வெளிச்சமான இடம். ஆற்றங்கரையில் ஆளைத் தேடி அலையவேண்டாம். “சிவப்பு மோட்டார்” என்ற வார்த்தை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்கானது. கூடுதல் தூண்டில் என்றால் அனுபவம் இல்லாதவரும் வரலாம். மழை பற்றிய வரியை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழைக்கு ஆறு திடீரென்று ஏறும். கெப்பாலா ஆயேர் என்கிற இந்தத் திடீர் வெள்ளம் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஆட்களைக் கூப்பிட்டவர் நீங்கள் என்றால் பொறுப்பும் உங்களுடையது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால் யோசிக்காமல் எல்லாரையும் மேலே ஏற்றிவிடுங்கள்.

தூண்டில் சாமான் விற்கும் கடையில் இந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் மறுக்கமாட்டார், அவருக்கும் வியாபாரம். முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தால் அது வெற்றி. அடுத்த ஞாயிறும் அதே நேரம், அதே இடம். யாருமே வராவிட்டாலும் நீங்கள் போய் நில்லுங்கள். வாரம் தவறாமல் நடக்கிறது என்ற பேச்சு ஊரில் பரவ நாளாகும், பரவிய பிறகு நிற்காது.

ஷிப்ட் விஷயத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். என் கணிப்பு, உங்கள் செயலியின் மிகப் பயனுள்ள பகுதி அங்கேதான் வரப்போகிறது. பொழுதுபோக்கு என்ன என்று எல்லாச் செயலியும் கேட்கும். எப்போது ஓய்வு என்று யாரும் கேட்பதில்லை. நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று சுழலும் ஷிப்டில் இருப்பவருக்கு ஞாயிறு என்பது மற்றொரு நாள் மாதிரிதான். அப்படிச் சுழல்பவர்கள் பத்துப் பேரின் அட்டவணையைப் போட்டால், அடுத்த மாதம் எந்தெந்த நாளில் யார் யார் சேர்ந்து ஓய்வாக இருக்கிறார்கள் என்று மனிதர் கணக்குப் போடுவது கஷ்டம். கணினிக்கு ஒரு நொடி. ஈப்போ தொழிற்சாலையில் வேலை செய்யும் உங்களுக்கு இது கேஎல்லில் உட்கார்ந்திருக்கும் எந்த நிறுவனத்தையும்விட நன்றாகத் தெரியும்.

உங்கள் ஊரிலிருந்தே ஒரு முன்மாதிரி சொல்கிறேன். மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் உங்கள் சுங்கை சிப்புட்காரர். தொழிலாளிகளே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் நேரில் பேசித்தான் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார். முகம் பார்த்த நம்பிக்கையில்தான் அந்தச் சங்கம் எழுந்தது. அமெரிக்காவில் நெக்ஸ்ட்டோர் என்ற அக்கம்பக்கச் செயலியும் 2010-ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் முதலில் ஒரே ஒரு குடியிருப்பில் சோதித்துப் பார்த்துத்தான் தொடங்கியது. ஊர் வேறு, காலம் வேறு. இரண்டுமே சின்னதாகத் தொடங்கிச் சிறுகச் சிறுகத்தான் வளர்ந்தன.

ஞாயிறு தவறாமல் ஆள் சேர ஆரம்பித்த பிறகு, புலனக் குழுவின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அறிவிப்பு மூழ்கிப்போகும். யார் வருகிறார் என்று எண்ணுவதற்குள் கை ஓய்ந்துவிடும். சாதாரணப் புலனக் குழுவில் சேர்ந்தவுடன் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரிந்துவிடுகிறது, பெண்கள் சேராமல் நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம். இந்தக் குறைகளைத் தீர்ப்பதுதான் உங்கள் முதல் பதிப்பு. ஒரு சந்திப்பு, வருகிறேன் என்று ஒரு பொத்தான், எத்தனை பேர் என்ற எண், எண்ணைக் காட்டாத பொதுப் பேச்சு, ஷிப்ட் அட்டவணை. அவ்வளவுதான். இதற்கு 45,000 ஆகாது. முதலில் ஒரு சாதாரண இணையப் பக்கமாகவே செய்யலாம். தோட்டத்துக்குள் இணைய இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்திலும் திறக்கும்படி படங்களைக் குறைத்து, லேசாகச் செய்யவேண்டும்.

ஆண்ட்ராய்டு செயலியாக வெளியிடும் கட்டம் வரும்போது, கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 அமெரிக்க டாலர். ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர், அதைத் தள்ளிப்போடுங்கள். கூகுளில் தனிநபர் கணக்கு புதிதாகத் திறப்பவர்கள், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். பலர் இந்தப் 12 பேரைத் தேடி அலைகிறார்கள். உங்களுக்கு ஆற்றங்கரையிலேயே இருப்பார்கள். தகாத பதிவைப் புகார் செய்யவும், ஒருவரைத் தடுக்கவும், கணக்கைத் தானே அழிக்கவும் வசதி இருக்கவேண்டும் என்பது கூகுள், ஆப்பிள் இரண்டின் விதி. யாரிடம் வேலை கொடுத்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் நிறுவனத்திடம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றால், பணத்தைவிட மூன்று விஷயத்தில் கண்ணாக இருங்கள். பிளே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கவேண்டும். மூல நிரல் முழுவதும் உங்களுக்குச் சொந்தம் என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் கையில் தரப்படும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாக, வேலை ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள். அப்புறம், வெளியிட்ட பிறகு மாதாமாதம் ஆகும் பராமரிப்புச் செலவை இப்போதே கேளுங்கள். 45,000 என்று சொன்னவர்கள் அதைச் சொன்னார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

சட்டப் பக்கம் பயப்படும்படி எதுவும் இல்லை. கட்டணம் வாங்கித் தொழிலாக நடத்தும்போது எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்கள் ஆணையத்தில்) பதியவேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 உங்களுக்கும் பொருந்தும். 2024-ல் அதைத் திருத்தி அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்வரை உயர்த்தியிருக்கிறார்கள். அதற்கு எளிய வழி, தேவையில்லாததைக் கேட்காமலிருப்பது. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதுவும் வேண்டாம். 18 வயதுக்கு மேலா என்று ஒரு கேள்வி போதும். குழு வளர்ந்து தலைவர், சந்தா, பெயர்ப் பலகை என்று சங்கமாகவே மாறினால், 1966 சங்கச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் என்று பார்க்கிறது. அப்போது சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்விடுங்கள்.

யோசனையை யாராவது எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொள்ளலாம். தடுக்கவும் முடியாது. 1987 பதிப்புரிமைச் சட்டமே வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. ஆனால் எடுத்துக்கொண்டவர் ஞாயிறு காலை 6.45-க்கு சுங்கை சிப்புட் பெட்ரோல் நிலையத்தில் வந்து நிற்கவேண்டும். அதனால் எல்லாரிடமும் சொல்லுங்கள். சொல்லாமல் ஆள் எப்படி வரும்?

தமிழர்களுக்கு மட்டும் என்ற கேள்விக்கு யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன். உங்கள் எண்ணம் புரிகிறது. நம் பிள்ளைகள் நம் மொழியில் ஒன்றுசேர ஒரு இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. செயலி தமிழில் இருக்கட்டும், முழுமையாக, நல்ல தமிழில். கூடவே மலாயிலும் இருக்கட்டும். கதவை மூடாதீர்கள். அந்த ஆற்றை நாற்பது வருடமாக அறிந்த ஒரு மலாய்க்காரப் பாக் சிக் (பெரியவர்), எந்த வளைவில் என்ன மீன் இருக்கும் என்று சொல்லித்தரத் தயாராக இருப்பார். தூண்டில் சாமான் கடை பெரும்பாலும் ஒரு சீன அங்கிளுடையதாக இருக்கும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தூண்டில் குழு நடத்தினால் நஷ்டம் நமக்குத்தான். உறுமி, கோலம், சிலம்பம் மாதிரியான குழுக்கள் தாமாகவே தமிழில் நடக்கும், அதற்கு விதி தேவையில்லை.

வருமானம் பற்றி நேராகவே சொல்கிறேன். ஒரு ஊரை வைத்து இது சோறு போடாது. வேலையை விடாதீர்கள். அப்பாவின் மருத்துவச் செலவு இருக்கும் வீட்டில் அந்தச் சம்பளம்தான் முதல். சாமான் கடை, புட்சால் திடல் போன்றவர்கள் மாதம் ஒரு சிறு தொகைக்கு அறிவிப்புப் போடலாம், அது பராமரிப்புச் செலவுக்குக் காணும். ஆறு மாதம் தவறாமல் நடந்த பதிவேடு கையில் இருந்தால், கிரேடல் போன்ற அரசு சார்ந்த நிதி அமைப்புகளின் கதவைத் தட்டலாம். நம் சமூகத்துச் சிறுதொழில் முனைவோருக்காக, அரசின் கடன் அமைப்பான தெக்குனில் உள்ள ஸ்பூமி கடனையும் அப்போது யோசிக்கலாம். வெறும் யோசனையோடு போனால் படிவத்தோடு திரும்பி வருவீர்கள்.

மூன்று ஞாயிறு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். யார் யார் இரண்டாம் முறையும் வந்தார்கள், வராதவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், புலனத்தில் உங்களை அதிகமாக அலுக்கவைத்த வேலை எது. இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். தங்கையிடமிருந்து அவர் கேட்கும் வசதிகளின் பட்டியல் தனியாக வேண்டும். அவற்றை வைத்து முதல் திரை எப்படி இருக்கவேண்டும் என்று நானே வரைந்து அனுப்புகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.